போதுமை ஆபீசில் ஒரு மனு

பலராமன் லாட்ஜில் படுக்கை விரிப்பு மாற்றும் அப்பாதுரைக்கு அவசரமாக ஒரு திவால் தேவைப்பட்டது. பெரிய மனிதர்கள் மூன்று தடவை நாலு தடவை திவாலாகிவிட்டு, அதே காரில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வந்து, அதே லாட்ஜில் ஏ.சி. ரூம் போடுகிறார்கள். அவர்களுடைய விரிப்பையும் அப்பாதுரைதான் பதினெட்டு வருஷமாக மாற்றுகிறார். ஆகவே திவால் ஒன்றும் கிடைக்காத சாமான் இல்லை என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. தனக்கு ஒரே ஒரு தடவை, அதுவும் சின்னதாக, முப்பத்தோராயிரம் ரூபாய்க்குக் கிடைத்தால் போதும் என்றிருந்தார்.

கடன் வந்த கதை ரொம்பச் சின்னது. தங்கை சந்திரம்மாள், புருஷன் போன பிறகு கீழ்பென்னாத்தூரிலிருந்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். தொண்ணூற்றேழில் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், பதினாலாயிரம் செலவு. ராமதாஸ் என்கிற ஃபைனான்ஸ்காரர் புரோநோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு கொடுத்தார். இரண்டே வருஷத்தில் அது வட்டி தின்று கொழுத்து, கோர்ட்டு ஏறி, டிக்ரியாகி, கைது வாரண்டாக இறங்கி வந்தது. மாதக் கடைசித் திங்கட்கிழமைக்குள் வழி பண்ணாவிட்டால் கோர்ட்டு அமீனா வந்து வேலூர் ஜெயிலுக்குக் கூட்டிப் போவார். அப்பாதுரை உள்ளே போனால் வீட்டில் நாலு வயிறு காயும். விஷயம் இவ்வளவுதான்.

வக்கீல் வளவன் இளைஞர், நல்ல மனசு. “ஐ.பி., அதாங்க திவால் மனு, போட்டுடலாங்க. கட்ட வழியில்லன்னு கைய விரிச்சு மஞ்ச நோட்டீஸ் குடுத்துட்டா வாரண்டு நின்னுடும். ஆனா சம்பளம் பத்தலன்னு நாம சொன்னா எடுபடாது. வேங்கிக்கால்ல போதுமை ஆபீஸ் இருக்குது பாருங்க, அங்க ஒரு போதாமைச் சான்று வாங்கிக்கினு வந்துடுங்க” என்றார்.

“பத்தலன்றதுக்கும் சர்டிபிகேட்டா சார்?”

“செத்ததுக்கே கேக்கறாங்க, இதுக்குக் கேக்க மாட்டாங்களா?”

போதுமை ஆபீஸ் என்றால் முழுப்பெயர் மாவட்ட ஊதியப் போதுமை உறுதிப்பாட்டு அலுவலகம். குறைந்தபட்சக் கூலி இவ்வளவு என்று மேலே ஒரு தொகையைப் போட்டதும், அது ஒரு குடும்பத்துக்குப் போதுகிறதா என்று பார்ப்பது இவர்கள் வேலை என்று ஜனங்கள் சொல்லிக்கொள்கிறார்கள். அது தப்பு. போதுகிறது என்று பார்ப்பதுதான் இவர்கள் வேலை.

அந்தக் கட்டடத்தில் ஒரு விசேஷம், சத்தமே கிடையாது. மற்ற ஆபீசில் போல அதட்டல் இல்லை, “நாளைக்கு வா” இல்லை, கையை நீட்டுகிற பியூன் இல்லை. எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். பெஞ்சில் அப்பாதுரைக்கு முன்னால் ஒரு செங்கல் சூளைக்காரர் உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிட்டார்கள், போனார். அவர் திரும்ப வந்ததை அப்பாதுரை பார்க்கவில்லை. பின்பக்கம் ஒரு வாசல் இருக்கும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

“வாங்க ஐயா, உக்காருங்க” என்றார் போதுமை அதிகாரி அருண்பிரசாத். முப்பத்தைந்து வயது, மடிப்புக் கலையாத சட்டை. தண்ணீர்கூடக் கொடுத்தார். கவர்மெண்ட் ஆபீசில் தண்ணீர் கொடுத்தால் அது நல்லதுக்கு இல்லை என்று அப்பாதுரை டம்ளரை வாயில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

அதிகாரி ஒரு நீளமான பதிவேட்டைத் திருப்பி வைத்தார். லாட்ஜின் சம்பளப் பதிவேடு. “இது உங்க கையெழுத்துதானே?”

அந்தப் பதிவேட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும். மாதாமாதம் ஒண்ணாந்தேதி முதலாளி பலராமன் அதை விரித்து வைப்பார். தொகை எழுதிய இடத்தின் மேல் அவருடைய இடது உள்ளங்கை படுத்திருக்கும். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட வேண்டும். போட்டதும் கையில் தொள்ளாயிரம் ரூபாய் வரும். உள்ளங்கைக்கு அடியில் இருக்கும் தொகை வேறு என்று எல்லோருக்கும் தெரியும். அது கவர்மெண்ட்டுக்கு, இது நமக்கு என்பார்கள். கோயிலுக்குள் போகுமுன் செருப்பைக் கழற்றுகிற மாதிரி ஒரு நடைமுறை, அவ்வளவே. மற்றவர்கள் கைநாட்டு வைக்க, அப்பாதுரை மட்டும் எட்டாவது படித்தவர் ஆகையால் இனிஷியலோடு முழுப்பெயர் எழுதி, அடியில் ஒரு கோடும் இழுப்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை, பாவம்.

“ஆமா சார், எங்கையெழுத்துதான்.”

“அழகா இருக்குது. மாசம் ஆயிரத்தி எண்ணூத்தி அறுபது. அரசாங்கம் நிர்ணயிச்ச தொகை, ஒரு ரூபா கம்மி இல்ல. இது ஒரு குடும்பத்துக்குப் போதும்னு கமிட்டி போட்டு முடிவாயிருக்குது. அப்புறம் பத்தலன்னு எப்பிடி வந்தீங்க?”

“சார், கைல வந்தது தொள்ளாயிரம்தான் சார்.”

அருண்பிரசாத் எழுந்து போய்க் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தார். “இப்ப சொன்னீங்களே, அத நான் கேக்கல. உங்க நல்லதுக்குச் சொல்றேன். குறைஞ்சபட்சத்துக்குக் கீழ குடுத்தா அது சட்டவிரோதம். நம்ம மாவட்டத்துல சட்டவிரோதம் நாலு வருஷமா பூஜ்யம், அறிக்கையே போயிடுச்சு. நடக்காத ஒண்ணு உங்களுக்கு மட்டும் எப்பிடி நடந்திருக்கும்? நடந்துதுன்னா, பதினெட்டு வருஷம், இருநூத்திப் பதினாறு பொய்க் கையெழுத்து.” கால்குலேட்டரை எடுத்தார். “ஒண்ணுக்கு ஆறு மாசம்னு வெச்சாலும் நூத்தியெட்டு வருஷம். நம்பர் என்னவோ நல்ல நம்பர்தான். ஆனா உங்களுக்கு இப்பவே நாப்பத்தி நாலு ஆவுது.”

“வேணாம் சார்.”

“அப்ப வாங்கினீங்க.”

“வாங்கினேன் சார்.”

“பாத்தீங்களா, எவ்ளோ சுலபம்! வாங்கியும் பத்தலன்னா எங்கியோ கசியுதுன்னு அர்த்தம். நாங்க வீட்டுக்கு வந்து பாக்கறோம்.”

சொன்ன சொல் தவறாமல் வந்தார்கள். வேங்கிக்கால் ஏரியைத் தாண்டி, வேலூர் ரோட்டோரம், சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை வீடு. ஜீப்பிலிருந்து டேப்பும் தராசுமாக இரண்டு பேர் இறங்கினார்கள். பின்னால் அருண்பிரசாத், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கும்பிட்டபடி.

முதலில் துணியை அளந்தார்கள். குடும்பத்துக்கு வருஷத்துக்கு எழுபத்திரண்டு கஜம் துணி போதும் என்பது விதி. அப்பாதுரை வீட்டில் தொண்ணூற்று நாலு கஜம் தேறியது. லாட்ஜில் கிழிந்துபோய்க் கழித்த விரிப்புகளைக் கொண்டுவந்து, சந்திரம்மாள் படுக்கிற மூலைக்குத் தடுப்பாகக் கட்டியிருந்தார்கள். கதவு இல்லாத குளிக்கிற இடத்துக்கும் அதுதான்.

“திரைச்சீலை” என்றார் டேப் பிடித்தவர், கலெக்டர் பங்களாவைக் கண்ட மாதிரி. அருண்பிரசாத் ‘ஆடம்பரம்’ என்று எழுதிக்கொண்டார்.

பிறகு பிள்ளைகளை நிறுத்தினார்கள். பிளஸ் டூ படிக்கிற ஆர்த்தி கூச்சத்தோடு தராசில் ஏறினாள். ஆறாவது படிக்கிற மாறன் ஏறி இறங்கி, “அங்கிள், இன்னொரு வாட்டி ஏறட்டா?” என்றான்.

அப்பாதுரையின் பெண்டாட்டி உண்ணாமலைக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. “இவ்ளோ அளக்கறீங்களே, அந்த அரிசிப் பானையையும் கொஞ்சம் எட்டிப் பாத்துட்டுப் போங்க” என்றாள்.

“பானை எங்க ஃபார்ம்ல இல்லீங்கம்மா” என்றார் அருண்பிரசாத், வருத்தத்தோடு. அதற்குள் டேப்காரர் தடுப்புத் துணியை விலக்கிவிட்டார். அங்கே சந்திரம்மாள் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இவங்க யாரு?”

“என் தங்கச்சி சார். எங்களோடதான் இருக்குது.”

அருண்பிரசாத்துக்கு முகம் மலர்ந்தது. புதையல் எடுத்தவன்கூட அப்படிப் பூரித்திருக்க மாட்டான். வெளியே வந்து, கதவுமேல் சாக்பீஸால் 3.8 என்று எழுதினார். என்ன சார் அது என்று கேட்டதற்கு, “தகவல் அனுப்புவோம்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அந்த எண்ணை அழிக்க யாருக்கும் கை வரவில்லை. தெருவில் போகிறவர்கள் அந்த வீட்டைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் வேகமாக நடந்தார்கள்.

தகவலுக்கு முன்னால் ஒரு விழா வந்து சேர்ந்தது. குறைந்தபட்சக் கூலியை மாதம் இருநூற்று நாற்பது ரூபாய் உயர்த்தியிருக்கிறார்கள்; அதுவும் மூன்று வருஷம் பின்தேதியிட்டு! கல்யாண மண்டபத்தில் பந்தல், மைக்செட், நாதஸ்வரம். போதுமை அலுவலகத்தின் ஆலோசனைக் குழுவில் முதலாளிகள் தரப்பு உறுப்பினர் யார் என்று நினைக்கிறீர்கள்? நம் பலராமன்தான். சால்வையைப் போர்த்திக்கொண்டு பேசினார்.

“என் லாட்ஜ்ல முப்பது பேர் வேல செய்யறாங்க. இத்தினி வருஷத்துல ஒருத்தன், ஒரே ஒருத்தன், சம்பளம் பத்தலன்னு எங்கிட்ட வந்து நின்னது கெடையாது. அப்பிடி நின்னவன் எவனும் இப்ப என் லாட்ஜ்ல இல்ல.” கைதட்டல்.

“அரசாங்கம் எவ்ளோ வேணும்னாலும் ஏத்தட்டும். ஏத்தறதுக்கு நான் என்னிக்குமே தடை சொன்னதில்ல. பதிவேட்டுல எடம் இருக்குது!” மறுபடியும் கைதட்டல்.

அடுத்து அருண்பிரசாத். அவர் எழுதி வைத்துப் படித்தார். “வறுமையை ஒழிப்பது கடினம். வறுமைக்கான விண்ணப்பத்தை ஒழிப்பது எளிது. நாம் எளிய வழியில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். கூலி உயர உயர, அது போதவில்லை என்று சொல்கிறவன் அதை எங்கோ ஒளித்து வைக்கிறான் என்பதும் உயர்ந்துகொண்டே போகிறது. இதை மனிதாபிமானத்தோடு கண்டுபிடிப்பதே நம் கடமை.”

அப்புறம் அரியர்ஸ் வழங்கும் படலம். “அப்பாதுரை!” என்று மைக்கில் கூப்பிட்டார்கள். மேடையில் அதே பதிவேடு, புதுப் பக்கம். எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். இந்தத் தடவை உள்ளங்கை மறைக்கவில்லை. தொகை ஊருக்கே தெரிகிற மாதிரி எழுதியிருந்தது. கையெழுத்து என்றால் என்ன என்று அப்பாதுரைக்கு இப்போது தெரியும். பேனாவைப் பிடித்த கை அப்படியே நின்றது.

பலராமன் கேமராவுக்குச் சிரித்தபடியே காதோரம் குனிந்தார். “ஊரு முன்னாடி நிக்கறோம் துரை. வேல வேணுமா, வேணாமா?”

அப்பாதுரை போட்டார். இனிஷியலோடு. அடிக்கோடு மட்டும் கோணலாகப் போயிற்று. கையில் ஒரு லட்டு கொடுத்தார்கள். அந்த மேடையில் நிஜமாகக் கைமாறியது அது ஒன்றுதான். அதையும் அவர் மாறனுக்காகக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமைக்கு நாலு நாள் இருக்கும்போது ஆபீசிலிருந்து ஆள் வந்து அப்பாதுரையை அழைத்துப் போனது. அருண்பிரசாத் மறுபடியும் தண்ணீர் கொடுத்தார்.

“கசிவக் கண்டுபிடிச்சாச்சுங்க. உங்க சம்பளத்துல ஒரு தப்பும் இல்ல. தப்பு குடும்பத்துலதான் இருக்குது. இந்தக் கூலி மூணு அலகுக்குக் கணக்குப் போட்டது. ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்குப் புள்ளி எட்டு, பசங்களுக்குத் தலைக்குப் புள்ளி ஆறு. கூட்டுங்க, மூணு. உங்க வீட்ல இன்னொரு புள்ளி எட்டு உக்காந்திருக்குது. மிகை.”

“அது என் தங்கச்சி சார்.”

“நான் பேரு சொல்லலீங்களே. நாங்க யாரையும் சொல்ல மாட்டோம். அது குடும்பத்தோட ஜனநாயக உரிமை.” ஒரு படிவத்தை நீட்டினார். ஒரே ஒரு கேள்வி: மிகை நபரின் பெயர். எதிரே ஒரே ஒரு கோடு. “இத பூர்த்தி பண்ணிக் குடுத்தீங்கன்னா அன்னிக்கே சான்று.”

“எழுதினா என்னா சார் ஆவும்?”

“கழிச்சுடுவோம். கார்டுலேர்ந்து, வீட்டுலேர்ந்து. திடீர்னு வந்து பாப்போம், அவங்க அங்க இருக்கக் கூடாது.”

“அப்ப எங்க போவாங்க?”

“அது எங்க பிரிவு இல்லீங்க” என்றார் அருண்பிரசாத், மிகுந்த மரியாதையோடு. அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறைய ஃபைல்கள். முதுகுப் பட்டையில் ‘கழித்தவை’ என்று போட்டு, வருஷவாரியாக அடுக்கியிருந்தது. எண்ணிப் பார்க்க அப்பாதுரைக்குத் தைரியம் இல்லை.

வீட்டில் படிவத்தைப் படித்ததும் உண்ணாமலை கொதித்தாள். “அடத்தூ! ஆள எழுதிக் குடுன்னு கேக்கறதுக்கு ஒரு ஆபீசு, அதுக்கு ஒரு ஃபேனு, லைட்டு! கிழிச்சு அடுப்புல போடுங்க.”

“கிழிச்சா திங்கக்கெழம ஜெயிலு.”

“என் பேர எழுதிடுண்ணா” என்றாள் சந்திரம்மாள். “புள்ளி எட்டுதானே ஜாஸ்தி? நான் புள்ளி எட்டுதான். கரெக்டா அளவெடுத்து வெச்சிருக்கானுங்க. என் வயித்துக்குப் பண்ண செலவுதானே இம்மாம் தூரம் வந்து நிக்குது?”

“சும்மா இரு சந்திரா” என்று அதட்டினார் அப்பாதுரை. ஆனால் அதட்டுவதற்கு முன் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவரும் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார். மூன்று புள்ளி எட்டில் புள்ளி எட்டு போனால் சரியாக மூன்று. அந்த நொடியை நினைத்து அவருக்கே தன்மேல் அருவருப்பு வந்தது. காலையில் எழுந்து பார்த்தால் வாசலோரம் ஒரு மஞ்சள் பை இருந்தது. உள்ளே இரண்டு புடவை, ஆபரேஷன் சீட்டு. சந்திரம்மாள் ஒன்றும் தெரியாதவள்போல வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

அப்பாதுரை எதிர்சாரி டீக்கடைக்குப் போனார். பேனா இரவல் வாங்கி, படிவத்தைப் பெஞ்சில் வைத்து, அந்த ஒற்றைக் கோட்டின் மேல் எழுதினார்: கோ. அப்பாதுரை.

அருண்பிரசாத் படிவத்தைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். “என் சர்வீஸ்ல இப்பிடி ஒருத்தர நான் பாத்ததில்ல! வேற பேரப் போட்டிருந்தா சரியா மூணு. நீங்க ஒண்ணு கழியறதால ரெண்டு புள்ளி எட்டு. புள்ளி ரெண்டு மிச்சம்! சேமிப்புங்க இது!” அவரே கைப்பட சீல் வைத்து, சான்றை இரண்டு கையாலும் கொடுத்தார்.

அப்பாதுரை எழுத்துக் கூட்டிப் படித்தார். மேலே கொட்டை எழுத்தில் ‘போதுமைச் சான்று’ என்றிருந்தது.

“சார், நான் கேட்டது போதாமை.”

“ஆமாங்க. ஆனா இப்பதான் மிகை போயிடுச்சே. இருக்கற குடும்பத்துக்குத் தாராளமா போதுது. போதுறவங்களுக்குப் போதாமைன்னு எழுதினா அது பொய்ச் சான்று இல்லீங்களா? நான் கையெழுத்துக்குப் பயப்படற ஆளு.”

“அப்ப வாரண்டு?”

“அத நான் தடுக்க முடியாதுங்க. ஒண்ணு கவனிச்சீங்களா? இந்தச் சான்று இருக்கறதால ஐ.பி.யும் இனிமே போட முடியாது.”

அதற்குள் டீக்கடைக்காரர் சொல்லி விஷயம் தெரிந்து உண்ணாமலை ஓடி வந்துவிட்டாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. அந்த ஆபீசில் முதன்முதலாகச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

“யோவ், சம்பாதிக்கிறவனையே கழிச்சுட்டியே! சம்பளம் எங்கேர்ந்துய்யா வரும்? எப்பிடிய்யா போதும்?”

எல்லா மேஜையிலும் பேனாக்கள் நின்றன. அருண்பிரசாத் மட்டும் பதறவில்லை. குழந்தைக்குச் சொல்கிறவர்போல நிதானமாகச் சொன்னார். “போதுங்கறது சம்பளத்தப் பத்தின விஷயம்மா. அது உங்களுக்கு வருதா இல்லையான்றது வேற டிபார்ட்மெண்ட்.”

அந்த மூன்று நாளும் அப்பாதுரை வீட்டுக்குள் போகவில்லை. எந்நேரமும் வந்து பார்ப்பார்கள் என்ற பயம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தன் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்த்தி ரோட்டைத் தாண்டித் தூக்கில் கஞ்சி கொண்டுவருவாள். கொடுத்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பாள். ரேஷன் கார்டில் அப்பா பெயர்மேல் சிவப்பு மையில் அடித்துவிட்டதாக ஒரு தடவை சொன்னாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அமீனா வந்தார். வயசானவர், நல்ல மாதிரி. அப்பாதுரை பெஞ்சிலிருந்தே கையைத் தூக்கினார். “வேலூர் பஸ் இங்கியே நிக்கும். டீ சாப்புடு. நான் வாங்கித் தரேன்” என்றார் அமீனா. இரண்டு பேரும் ரோட்டோரம் நின்றார்கள்.

பஸ்ஸுக்கு முன்னால் ஜீப் வந்தது. அருண்பிரசாத் இறங்கினார், கூடவே ஒரு போட்டோக்காரர். சென்னைக்கு அனுப்பப் போகிற ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு, புள்ளி இரண்டு மிச்சம் பிடித்த குடும்பத்தின் படம் வேண்டுமாம். உண்ணாமலையையும் சந்திரம்மாளையும் பிள்ளைகளையும் வாசலில் வரிசையாக நிறுத்தினார்கள். உண்ணாமலை மறுத்துப் பார்த்தாள்; படம் எடுக்காவிட்டால் கார்டு ரத்து என்றதும் நின்றாள். நாலு பேரும் கேமராவைப் பார்க்கவில்லை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சந்திரம்மாள் புடவைத் தலைப்பால் வாயை அடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு சைடு காலியா இருக்குது சார்” என்றார் போட்டோக்காரர். “வீட்டு ஆம்பள இருந்தா நிக்கச் சொல்லுங்க.”

“இந்த வீட்ல அந்தச் செலவு இல்லப்பா” என்றார் அருண்பிரசாத்.

போட்டோக்காரர் சரியென்று தலையாட்டி, கோணம் பார்த்துக்கொண்டே பின்னால் பின்னால் நகர்ந்து ரோட்டைத் தாண்டி டீக்கடை வரைக்கும் வந்துவிட்டார். கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே, “பெரியவரே, கொஞ்சம் தள்ளிக்கோங்க. உங்க நெழலு விழுது” என்றார்.

அப்பாதுரை இரண்டடி தள்ளி நின்றார்.